வீட்டு கேமராப் பதிவு: இருக்கிற நாஸ் போதுமா, தனி என்விஆர் வேண்டுமா?

வாசல்விளக்கு: வீட்டில் நாலு ஐபி கேமரா (நெட்வொர்க்கில் இணைகிற வகை). எல்லாமே அதனதன் மெமரி கார்டில்தான் பதிகின்றன. குடும்பப் படங்களுக்காக வாங்கிய இரண்டு டிஸ்க் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது, அதில் 4 டிபி காலி. கேமராக்களை அதோடு இணைக்கலாமா, தனி என்விஆர் (கேமராப் பதிவுக்கென்றே உள்ள பெட்டி) வாங்க வேண்டுமா?

கம்பிவடம்: தாராளமாக இணைக்கலாம். மெமரி கார்டை மட்டும் நம்பாதீர்கள். கேமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் பதிவையும் சேர்த்தே கொண்டுபோகிறான். உங்கள் கேமராவில் ஆன்விஃப் அல்லது ஆர்டிஎஸ்பி (கேமராவின் வீடியோவை வேறு கருவிகள் பெறுவதற்கான பொது முறைகள்) இருந்தால் போதும், நாஸ் எடுத்துக்கொள்ளும். உரிமத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சினாலஜி நிறுவனத்தின் நாஸ் என்றால் பொதுவாக இரண்டு கேமராவுக்கு இலவசம், மூன்றாவதிலிருந்து காசு.

பழையவட்டு: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கணக்குப் போடுங்கள். 4 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 4 மெகாபிட்) ஓடும் ஒரு கேமரா ஒரு நாளில் 43 ஜிபி எழுதும். நாலுக்கு 170 ஜிபிக்கு மேல். உங்கள் 4 டிபி 23 நாளில் தீர்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. டிஸ்க் நிரம்பியதும் போனிலிருந்து போகும் படங்களின் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து போன் தண்ணீரில் விழுந்தபோதுதான் தெரிந்தது. மகள் முதன்முதலாக நடந்த வீடியோ அந்த மூன்று வாரத்துக்குள்தான் இருந்தது. நாஸைத் திறந்தால், யாரும் இல்லாத வாசல் மட்டும் மணிக்கணக்கில் ஓடுகிறது.

கம்பிவடம்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் கேமரா ஃபோல்டருக்குக் கோட்டா வைத்திருந்தால் அது நடந்திருக்காது. 2 டிபி என்று வரம்பு கட்டி, நிரம்பினால் பழையதை அழித்து எழுதச் சொல்லிவிட வேண்டும். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைக்கு மாற்றினால் இடம் இன்னும் குறையும்.

பழையவட்டு: கோட்டா இடத்தைக் காக்கும், டிஸ்க்கைக் காக்குமா? 24 மணி நேரமும் நாலு பக்கமிருந்து எழுத்து. எஸ்எம்ஆர் டிஸ்க்காக (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவதால் தொடர்ந்து எழுதினால் வேகம் குறைகிற வகை) இருந்துவிட்டால் நாஸ் மூச்சு முட்டும். அப்புறம் பாதுகாப்பு. 2016இல் மிராய் என்ற தீம்பொருள் பரவியது கடவுச்சொல் மாற்றாத கேமராக்கள் வழியாகத்தான். அப்படி ஒன்றைக் குடும்பப் படங்கள் இருக்கும் பெட்டியோடு ஏன் சேர்க்க வேண்டும்?

கம்பிவடம்: எஸ்எம்ஆர் விஷயம் சரி, டிஸ்க் மாடலைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். ஆனால் மிராய் டிவிஆர் என்ற தனிப் பதிவுப் பெட்டிகளையும்தான் பிடித்தது. தனிப்பெட்டி என்பதாலேயே அது பத்திரம் ஆகிவிடாது. ரவுட்டரில் கேமராக்களுக்கு இணையத்தை வெட்டிவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கம் செய்த இணைப்பு) மட்டும். ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் (இணையத்திலிருந்து உள்ளே வரும் வழி) திறக்காதீர்கள்.

நடுச்சாமம்: இணையத்தை வெட்டும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள்: கேமராவின் கடிகாரம். நான் வெட்டினேன். ஒரு இரவு மின்சாரம் போய்த் திரும்பியதும் கேமரா 1970 ஜனவரி 1 என்று காட்ட ஆரம்பித்துவிட்டது. தெருவில் யாரோ பக்கத்து வீட்டு வண்டியை இடித்துவிட்டுப் போனார்கள். படம் தெளிவாக இருந்தது, ஆனால் அதன் மேல் 53 வருடத்துக்கு முந்தைய தேதி. எந்த நாள் என்று நிரூபிக்க முடியவில்லை. பிறகு நாஸையே என்டிபி சர்வராக்கி (மற்ற கருவிகளுக்குச் சரியான நேரம் சொல்லும் சர்வர்), கேமராக்களில் அதன் முகவரியைக் கொடுத்தேன். கேமரா, ஸ்விட்ச், நாஸ் மூன்றையும் யுபிஎஸ்ஸில் போட்டேன்.

பழையவட்டு: நேர விஷயம் எனக்கும் தோன்றவில்லை, நன்றி. ஆனாலும் டிஸ்க் தனியாக இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. இரண்டு டிஸ்க்கும் மிரர் என்றால் கேமரா எழுதும் ஒவ்வொரு பைட்டும் இரண்டிலும் எழுதப்படும். காலி வாசலுக்கு இரண்டு பிரதி எதற்கு?

வாசல்விளக்கு: இப்போதுதான் பார்த்தேன், என்னுடையது மிரர்தான், டிஸ்க் இரண்டும் எஸ்எம்ஆர். ஆகவே நாலையும் அதில் ஏற்றப்போவதில்லை. வாசல் கேமராவை மட்டும் 500 ஜிபி கோட்டாவோடு இன்றிரவு இணைக்கிறேன். மற்ற மூன்றும் கார்டிலேயே இருக்கட்டும், என்விஆர் வாங்கும்வரை. பழையவட்டு, போன் பேக்கப் நின்றால் மெயில் வருவதற்கு எங்கே அமைப்பது என்று மட்டும் சொல்லுங்கள், அதை முதலில் செய்துவிடுகிறேன்.