மதுரைக்கு ஒரு கோப்பை வந்தது, யார் பார்த்தீர்கள்?

தல்லாகுளத்துக்காரன்:
நம் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் கால்பந்து அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்ற நாள் 2019 மே 22. மறுநாள் காலை மக்களவைத் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. என் பெயிண்ட் கடையில் அன்று யாரும் பெயிண்ட் வாங்க வரவில்லை. யார் எத்தனை ஆயிரம் ஓட்டில் ஜெயிப்பார் என்று சண்டை போடத்தான் வந்தார்கள். அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சுண்ணாம்பு மூட்டை மேல் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குதித்தாள்.

"மாமா, சேது ஜெயித்துவிட்டது!"

நான் கேட்டது என்ன தெரியுமா? "சேது எக்ஸ்பிரஸா? ராமேஸ்வரம் போகிற ரயிலுக்கு என்ன ஜெயிப்பு?" கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. லூதியானாவில் இறுதிப் போட்டி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றிருக்கிறார்கள், மதுரை கிளப் மாமா, இந்தியாவுக்கே சாம்பியன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். "அப்படியா" என்றுவிட்டு மறுபடி தேர்தலுக்குத் திரும்பிவிட்டேன். இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள். உங்களில் யாருக்காவது அந்த நாள் உருப்படியாக நினைவிருக்கிறதா?

ஆரப்பாளையத்தான்:
இருக்கிறது அண்ணே, ஆனால் ஒரு சந்தேகத்தோடு. அந்த அணியில் கோல் போட்ட சபித்ரா பண்டாரி நேபாளம். ரத்தன்பாலா மணிப்பூர். இந்துமதி, சந்தியா என்று நம் மாநிலப் பெண்களும் சேதுவுக்கு ஆடியிருக்கிறார்கள்தான், அவர்களும் கடலூர்ப் பக்கம். இதில் மதுரை எங்கே இருக்கிறது?

தல்லாகுளத்துக்காரன்:
தம்பி, ராஞ்சிக்காரரைத் 'தல' என்று தலையில் தூக்கி வைத்து ஆடினோமே, அப்போது ஊர் கேட்டோமா?

உசிலம்பட்டி பி.டி. டீச்சர்:
கேட்கவே கூடாது. என் பள்ளியில் அந்தக் கோப்பை செய்த வேலையைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். பெண்கள் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்று இருந்த காலம் அது. அந்தச் செய்தியைப் பள்ளிக் கூட்டத்தில் வாசித்தபோது ஒருத்தியும் அசையவில்லை. அடுத்த ஆண்டு "மதுரை அணி" என்று வாசித்தேன். அன்று சாயங்காலமே நான்கு பேர் வந்து நின்றார்கள். மதுரை என்றால் அவர்களுக்கு பஸ்ஸில் போய்வருகிற ஊர். கட்டக் எந்தத் திசை என்றே தெரியாது.

நான்கு பேருக்கு ஒரு ஜோடி பூட்ஸ், அதுவும் என் தம்பியுடையது, அளவு 6. நுனியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துப் போட்டுக்கொள்வார்கள். முதல் பாதியில் ஒருத்திக்கு, இரண்டாம் பாதியில் இன்னொருத்திக்கு. இடைவேளையில் தண்ணீர் குடிப்பதற்கு முன்பே முடிச்சை அவிழ்க்கும் வேலை நடக்கும். ஈரத்தில் கயிறு இறுகி, பல்லால் கடித்து இழுப்பார்கள். ஒரு தாய் வந்து, அரைக்கால் சட்டை போடக் கூடாது என்று ஒரே பிடிவாதம். சுடிதார் பேண்டுக்கு மேலேயே அதை மாட்டிவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது, வேர்வைதான் ஆறாக ஓடியது.

ஊர் கவனிக்கவில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம். ஆனால் ஊருக்கு யார் காட்டினார்கள்? அப்போதெல்லாம் இறுதிச் சுற்று முழுவதையும் ஏதாவது ஒரே நகரத்தில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிடுவார்கள். 2019இல் லூதியானா, அடுத்த முறை பெங்களூரு, 2022இல் புவனேஸ்வரம், 2023இல் அகமதாபாத். 2023-24 பருவத்தில்தான் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முறையே வந்தது. கண்ணில் படாத அணிக்கு எப்படிக் கைதட்டுவது?

வண்டியூர் ஃபிட்டர்:
புவனேஸ்வரம் என்றதும் வயிறு எரிகிறது டீச்சர். 2022 மே மாதம் நான் அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தேன். அறையில் கூட இருந்தவர் கோழிக்கோட்டுக்காரர். அவர் கோகுலம் கேரளா அணிப் பக்கம், நான் சேது பக்கம். அந்த ஆண்டு அரையிறுதி, இறுதி என்று எதுவும் கிடையாது, எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். ஆனால் அட்டவணை தானாக ஓர் இறுதிப் போட்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. மே 26, கடைசி ஆட்டம், கோகுலமும் சேதுவும். அதுவரை இரண்டு அணியும் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கோல் வித்தியாசத்தில் அவர்கள் முன்னால் இருந்ததால் அவர்களுக்கு டிரா போதும், நமக்கு ஜெயித்தே ஆக வேண்டும். தோற்றவர் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம்.

மூன்றாவது நிமிடத்திலேயே சேது கோல் போட்டுவிட்டது. நான் கட்டிலில் ஏறி நின்றுவிட்டேன். அவர் வாயே திறக்கவில்லை, வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு கோகுலம் போட்டது ஒன்று, இரண்டு, மூன்று. 3-1 என்று முடிந்தபோது வெள்ளரிக்காயில் பாதியை என் பக்கம் தள்ளினார். பரோட்டா வாங்கித் தந்தேன். சால்னா என்ற பெயரில் அங்கே கொடுத்ததைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

ஆரப்பாளையத்தான்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், மதுரை அணிதான். டீச்சர், கடைசியில் அந்த பூட்ஸ் யாருக்குப் போனது?

உசிலம்பட்டி பி.டி. டீச்சர்:
யாருக்கும் போகவில்லை. நான்கு பேருக்கும் கால் வளர்ந்துவிட்டது. இப்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி போட்டுக்கொண்டு ஓடுகிறாள். அவளுக்கு இரண்டு பக்கம் செய்தித்தாள் வேண்டியிருக்கிறது.