ஒரு டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணிங்கறாங்களே, அது எந்த ஊர் தண்ணி?

அவினாசிரோடு:
திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். பையர் இப்ப ஒவ்வொரு ஸ்டைலுக்கும் வாட்டர் ஃபுட்பிரிண்ட், அதாவது ஒரு துணி உருவாக மொத்தமா எவ்வளவு தண்ணி செலவாச்சுங்கற கணக்கு, கேக்கறாங்க. நெட்ல எங்க தேடினாலும் 2,700 லிட்டர்னுதான் வருது. ஆனா எங்களுக்கு சாயம் போடற பட்டறைல வெளிய ஒரு சொட்டு விடறதில்ல, ஆர்.ஓ. பண்ணி (உப்ப வடிகட்டி) அதே தண்ணிதான் சுத்திட்டே இருக்கு. அப்புறம் எங்கிருந்து வருது இந்த 2,700? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாஃப்ட்ஃப்ளோ:
பட்டறைல போறது ரொம்பக் கம்மிங்க. முன்ன விஞ்ச்ங்கற பழைய சாய மெஷின்ல ஓட்டினப்ப தண்ணிய அள்ளி அள்ளி ஊத்துவோம், இப்ப சாஃப்ட்ஃப்ளோ மெஷின்ல ஒரு கிலோ துணிக்கு ஒரு பாத்துக்கு (ஒரு தடவை தண்ணி நிரப்பறதுக்கு) ஆறேழு லிட்டர், ப்ளீச்சிங், டையிங், சோப்பிங்னு எல்லா பாத்தும் சேத்தாலும் உங்க 2,700ல ஒரு மூலைக்குக் காணாது. மிச்சமெல்லாம் பருத்திக் காட்டோட கணக்கு. ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணிய திருப்பி எடுக்கறதுக்கு உப்புத் தண்ணிய ஆவியாக்கற எவாப்பரேட்டர் ராத்திரி பகலா ஓடணும், பாய்லருக்கு விறகு லோடு லோடா வரணும். அதை எந்த பையரும் கேக்கறதில்ல.

நொய்யல்கரை:
ஏனுங்க, பட்டறைல கம்மின்னு சொல்லிப்போட்டு போயிராதீங்க. எங்க தோட்டம், திருப்பூருக்குக் கீழ நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் டேமுக்குக் கீழ. 1992ல டேம் கட்டுனப்ப பாசனம் வரும்னு இருந்தோம், வந்தது சாயக்கழிவு. தண்ணிய தேக்காதீங்க, தொறந்து உடுங்கன்னு விவசாயிகளே கேட்ட டேம் வேற எங்கீங்க இருக்கு? கோர்ட்டுக்குப் போயி, 2011 ஜனவரில ஐகோர்ட்டு பட்டறைகள மூடச் சொன்னதுக்கு அப்புறந்தான் கழிவு ஒரு சொட்டும் வெளிய விடாத இந்த ஜீரோ டிஸ்சார்ஜெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. எங்க கிணத்துல இன்னைக்கும் உப்பு. மோட்டார் போட்டா வாய்க்கால் ஓரத்துல வெள்ளையா பூத்துக் கிடக்கும், தென்னை மட்டும் எப்படியோ தாங்குது, தக்காளி வெச்சா இலை ஓரம் கருகிப்போயிரும். அந்தக் கிணத்துத் தண்ணிய உங்க கணக்குல எந்தக் கலத்துல போடுவீங்க?

மழைமானி:
நொய்யல்கரை அண்ணா கேட்டதுக்கு கணக்குல எடம் இருக்கு. 2002ல ஹூக்ஸ்ட்ராங்கற நெதர்லாந்து பேராசிரியர் கொண்டுவந்த வாட்டர் ஃபுட்பிரிண்ட் முறைல தண்ணிய மூணா பிரிப்பாங்க. மழை ஈரம் பச்சை, கிணறு, ஆறு, வாய்க்கால்ல இருந்து எடுத்துத் தீர்ந்துபோறது நீலம், கழிவைக் கரைச்சு, அனுமதிச்ச தர வரம்புக்குள்ள கொண்டுவர எவ்வளவு தண்ணி வேணுமோ அது சாம்பல். உங்க கிணத்துப் பிரச்சினை அந்த சாம்பல்ல வரணும், ஆனா இந்த வருஷம் தைக்கற சட்டைக்கு 20 வருஷத்துக்கு முன்னாடி விட்ட கழிவ எந்த கம்பெனியும் ஏத்திக்காது. எனக்கு இதுல பெரிய கோபம் இருக்கு.

அவினாசிரோடு, 2,700ஐ அப்படியே போடாதீங்க. பருத்தித் துணிக்கு உலக சராசரி கிலோவுக்கு சுமார் 10,000, 11,000 லிட்டர், அதுலதான் 250 கிராம் சட்டைக்கு 2,500, 2,700னு வருது. இந்தியாவுல விளைச்சல் கம்மி, அதனால ஒரு கிலோ பருத்திக்கு அதவிட இரண்டு மடங்குக்கு மேல போகுது. கொங்குல முன்ன கருங்கண்ணி, கம்போடியா பருத்தி நிறைய இருந்துச்சு. பனியன் தொழில் வளர வளர இங்க பருத்திக்காடு கொறஞ்சு, பஞ்சு குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானால இருந்து லாரில வருது. ஊர் பணக்கார ஊராச்சு, அதோட தண்ணிச் செலவுல பெரும்பங்கு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போயிருச்சு, துணி இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறுது. விதர்பா பஞ்சுன்னா பெரும்பாலும் மானாவாரி, பச்சைத் தண்ணி. குஜராத் பஞ்சுன்னா பாசனம் ஜாஸ்தி, நீலம் ஏறும். லிட்டர் ஒண்ணா இருந்தாலும் நிலத்தடி நீர் இறங்கற ஊர்ல எடுத்த லிட்டர் வேற.

கோழிப்பண்ணை:
இதே கதைதான் நாமக்கல்லயும். முட்டைக்கு கிலோவுக்கு 3,300 லிட்டர்ங்கறாங்க, ஒரு முட்டைக்கு 200 கிட்ட. கோழி குடிக்கற தண்ணி அதுல தூசி, எல்லாம் தீவனந்தான். மக்காச்சோளம் பெரம்பலூர் மானாவாரிக் காட்டுல இருந்தும் வரும், கர்நாடகா, பீகார்ல இருந்தும் வரும், சோயா மத்தியப் பிரதேசம். முட்டை கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போகுது.

அவினாசிரோடு:
எல்லாருக்கும் நன்றிங்க. எங்க நூல் மில்லுகிட்ட எந்த மாநிலத்து பேல் (பஞ்சுப் பொதி)னு கேட்டா சொல்லுவாங்களா?

சாஃப்ட்ஃப்ளோ:
பேல் மேல ஜின்னிங் (பருத்திக் கொட்டை பிரிக்கற) ஃபேக்டரி பேரு, லாட் நம்பர் எல்லாம் இருக்கும், மில்லுல பஞ்சு மிக்சிங் போடறவருக்கு நல்லாத் தெரியும். பர்ச்சேஸ் ஆள விட்டுட்டு அவர்கிட்ட கேளுங்க. ஒரே நூல்ல மூணு மாநிலத்துப் பஞ்சு கலந்திருக்கும், விகிதமும் வாங்கிக்கங்க.