புதுப்பிப்பு: பழைய காரின் ரேடியோ கழன்றது

2004 மாடல் காரின் ரேடியோவை டேஷ்போர்டு உடையாமல் எப்படிக் கழற்றுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். ரேடியோ முகப்பின் இருபக்கத் துளைகளில் சைக்கிள் ஸ்போக்கை வளைத்துச் செருகச் சொன்ன அஸ்தம்பட்டி அண்ணனின் யோசனைதான் பலித்தது.

எதிர்பாராத சிக்கல் புது ரேடியோவை மாட்டிய பிறகுதான் வந்தது. சாவியை அணைத்தாலே அது சேமித்த ஸ்டேஷன்களை மறந்தது. மஞ்சள் ஒயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும், சிவப்பில் சாவி போட்டால் மட்டும். என் கார் சாக்கெட்டில் இரண்டும் இடம் மாறியிருந்தன. டெஸ்ட் லைட்டில் (மின்சாரம் இருந்தால் எரியும் சோதனை விளக்கு) பார்த்து மாற்றிக் கொடுத்தேன், சரியானது.

அப்புறம், கூரை ஆன்டெனாவில் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) இருந்தால் ரேடியோவின் நீல ஒயரை அதற்குக் கொடுங்கள். அதைக் கொடுக்காதவரை சேலத்துக்குள்ளேயே எஃப்எம் கரகரத்தது. நேற்று ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்தேன், ரேடியோ ஆடவில்லை.