பழைய இரும்புக் கடையில் ஒரு சங்கு

பாளைத் தம்பி: (படம்) மாமா, இரும்புக் கடையில் கிடக்கிறது. நடுவில் மோட்டார், சுற்றிலும் சன்னல் சன்னலாக ஓட்டை. கிலோ கணக்கில் தருவாராம். என்ன இது?

விகேபுரம் மாமா: எலேய், அது சங்கு! உடைக்க விட்டுவிடாதே.

அம்பை அத்தை: மில் சங்கா? அதைக் கேட்டுத்தான் நாங்கள் உலை வைப்போம்.

விகேபுரம் மாமா: இல்லை மதினி, இது சின்னது. நகராட்சி மாடியில் இருக்குமே, அந்த ரகம்.

பாளைத் தம்பி: ஸ்பீக்கரே இல்லையே, சத்தம் எப்படி வரும்?

விகேபுரம் மாமா: உள்ளே சுற்றுகிற ரோட்டாரிலும் சன்னல் உண்டு. அது காற்றை நடுவில் இழுத்து ஓரத்தில் தள்ளும். இரண்டு சன்னலும் நேருக்கு நேர் வந்தால் காற்று பீறிடும், விலகினால் அடைபடும். ரோட்டாரில் எத்தனை சன்னல்? மோட்டார் பிளேட்டில் என்ன வேகம்?

பாளைத் தம்பி: 10 சன்னல். 2880 ஆர்பிஎம்.

விகேபுரம் மாமா: அப்போ நொடிக்கு 48 சுற்று, 480 வெட்டு. அதுதான் சுருதி. மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்கக் குரலும் ஏறும்.

சென்னைப் பெரியப்பா: போர்க்காலத்தில் ஏறி இறங்கி ஊதினால் ஆபத்து, ஒரே சீராக ஊதினால் ஆபத்து நீங்கியது. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தால் அந்த ஏற்ற இறக்கம் வந்துவிடும்.

கல்லிடைச் சித்தி: அண்ணே, ஜனவரி 30 காலை 11 மணிக்கு ஊதுவார்களே, அதுவா?

விகேபுரம் மாமா: அதேதான். 10.59க்கு ஊதத் தொடங்கி 11க்கு நிறுத்த வேண்டும். இரண்டு நிமிட மௌனம் முடிந்து 11.02க்கு மறுபடி.

பாளைத் தம்பி: வாங்கி மொட்டைமாடியில் மாட்டி ஊதிப் பார்க்கலாமா?

அம்பை அத்தை: அங்கே என் வத்தல் காய்கிறது 😡

விகேபுரம் மாமா: உன் வீட்டில் த்ரீ பேஸ் கிடையாது, நல்லவேளை! 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஆற்றங்கரையில் சங்கு கேட்டால் சனம் ஓடும்டா. ஸ்டேஷனில் சொல்லாமல் ஊதவே கூடாது. சரி, ரோட்டாரைக் கையால் சுற்று. உரசுகிறதா?

பாளைத் தம்பி: லேசாகச் சுற்றுகிறது. ஒரு சன்னலில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. இடித்துவிடவா?

விகேபுரம் மாமா: தொடாதே. ரோட்டாருக்கும் வெளி இரும்புக் கூட்டுக்கும் நடுவே இம்மியளவு இடைவெளிதான். மண் விழுந்தால் சிக்கிக்கொள்ளும். சனிக்கிழமை மெக்கரோடு (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) வருகிறேன், காயிலில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்ட். விலையும் நானே பேசுகிறேன். நீ ஆசைப்படுவது தெரிந்தால் கிலோ கணக்கை மறந்துவிடுவார்.