இரவுக் கடலில் இரண்டே பேர்: ஒருத்தர் தூங்கும்போது மற்றவர் எப்படிச் சமாளிப்பது?

அடையாறுக்காரி:

வணக்கம். நானும் இவரும் பாய்மரப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டது சென்னைத் துறைமுகத்துக்குள்ளேதான். இப்போது நண்பர் ஒருவரின் 26 அடிப் படகை எடுத்துக்கொண்டு காலையில் வெளியே போய்ச் சாயங்காலத்துக்குள் திரும்பி வருகிற அளவுக்குப் பழகிவிட்டோம். வரும் ஜனவரியில் இரவு முழுக்க ஓட்டிப் புதுச்சேரி போக வேண்டும் என்று ரொம்ப ஆசை. சுமார் 70 கடல் மைல், எங்கள் படகின் வேகத்துக்கு 15, 16 மணி நேரம் பிடிக்கும். இரண்டு பேர் மட்டும் போவதாகத்தான் முடிவு.

பகலில் பாய் ஏற்றுவது இறக்குவது எல்லாம் இவர் வேலை, சுக்கான் என் வேலை. பேசாமலே நடந்துவிடும். ஆனால் ராத்திரி ஒருத்தர் தூங்கித்தானே ஆக வேண்டும்? இவர் உள்ளே படுத்திருக்கும்போது காற்று ஏறினால் பாயைச் சுருக்க எனக்குத் தனியாக வருமா என்று தெரியவில்லை. நான் தூங்கும்போது இவர் எதையோ சரிசெய்ய முன்பக்கம் போய்த் தவறி விழுந்தால்? எனக்குக் காதில்கூட விழாதே. இதை நினைத்தாலே தூக்கம் வராது போலிருக்கிறது. எத்தனை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவது, வலைகளையும் கப்பல்களையும் இருட்டில் எப்படிக் கண்டுகொள்வது, எங்கிருந்து பழக ஆரம்பிப்பது, போய்வந்தவர்கள் சொல்லுங்கள். தானே சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட்டும், கப்பல்களோடு பேசுகிற வி.எச்.எஃப். ரேடியோவும் இருக்கிறது. சுற்றியுள்ள கப்பல்களைத் திரையில் காட்டுகிற ஏ.ஐ.எஸ். கருவி இல்லை.

வாடைக்காற்று:

நானும் என் கணவரும் வருஷக்கணக்காக இரண்டு பேராகத்தான் ஓட்டுகிறோம், அதனால் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். ராத்திரியில் இரண்டு பேர் ஓட்டும் படகு என்று ஒன்று கிடையாது. தனி ஆள் ஓட்டும் படகுதான், உள்ளே இன்னொருத்தர் தூங்குகிறார், அவ்வளவே. அதனால் முதலில் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் போகிற பகல் பயணங்களில் பாய் உங்கள் கையில், சுக்கான் அவர் கையில். அது பழகியதும் ஒருத்தர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார வேண்டும், வாயே திறக்கக் கூடாது, மற்றவர் கிளம்புவதிலிருந்து கட்டுவது வரை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும். அந்த வாய் திறக்காமல் இருப்பதுதான் ஆண்களுக்கு ரொம்பக் கஷ்டம், விடாமல் பிடியுங்கள்.

பாயைச் சுருக்குகிற கேள்விக்கு என் பதில்: இருட்டுவதற்கு முன்பே, காற்று எப்படி இருந்தாலும், ஒரு மடிப்புச் சுருக்கிவிடுங்கள். அரை நாட் (மணிக்கு அரைக் கடல் மைல்) வேகம் குறையும், குறையட்டும். சுருக்குகிற கயிறுகள் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வருகிற மாதிரி படகில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஜனவரிக்கு முன்பே நண்பரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஜனவரியில் தெற்கே போகும்போது வடக்கேயிருந்து வீசும் வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், அது சுகமாக இருக்கும், ஆனால் படகு கொஞ்சம் திரும்பினாலும் பெரிய பாயின் அடியில் இருக்கும் பூம் என்கிற கட்டை சட்டென்று மறுபக்கம் வீசிவிடும். அதை முன்பக்கமாக இழுத்து ஒரு கயிறு கட்டி வையுங்கள்.

விழுகிற பயத்துக்கு ஒரே மருந்து சட்டம். எங்கள் படகில் மூன்று சட்டம். தனியாக மேலே இருப்பவர், உடம்பில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு வாரை, அதாவது ஹார்னஸைப் படகோடு கொக்கி மாட்டாமல் உட்காரக்கூட மாட்டார். மற்றவர் எழுந்து வராமல் முன்பக்கம் போக மாட்டார், பாய் கிழிந்தாலும் சரி. ஓரத்தில் நின்று சிறுநீர் கழிப்பது கிடையாது, வாளி இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் இந்த மூன்றுக்கும் மனதார ஒத்துக்கொண்டால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்.

இன்னொன்று, எழுப்புவது. "பாவம், இப்போதுதான் கண் அயர்ந்தாள், தூங்கட்டும்" என்று நினைப்பது தரையில் அன்பு, கடலில் ஆபத்து. ஒரு விளக்கு என்னவென்று ஐந்து நிமிடத்தில் புரியவில்லையா, எழுப்பு. காற்று ஏறுகிற மாதிரி இருக்கிறதா, எழுப்பு. எழுப்பப்பட்டவர் முகம் சுளிக்கக் கூடாது, ஏன் எழுப்பினாய் என்று அப்புறமும் கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த தடவை எழுப்பத் தயங்குவார்கள்.

நேரம் மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ராத்திரி 8 மணிக்கு, தூக்கம் வருகிறதோ இல்லையோ, ஒருத்தர் போய்ப் படுத்துவிட வேண்டும். படகின் முன்முனையில் படுக்காதீர்கள், அங்கே தூக்கித் தூக்கிப் போடும், நடுவில் சாய்ந்த பக்கத்துப் பலகையில் படுங்கள். குமட்டலுக்கு அவோமின் மாத்திரை போடுவதாக இருந்தால் முன்பே ஒருநாள் வீட்டில் போட்டுப் பாருங்கள், சிலரை அடித்துப்போட்ட மாதிரி தூங்க வைத்துவிடும். புளிச்சாதமும் பிளாஸ்கில் சுக்குக்காபியும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், ராத்திரி அடுப்புப் பற்றவைக்கிற வேலையே வேண்டாம்.

முதல் இரவே புதுச்சேரி வேண்டாம் என்பது என் கருத்து. சாயங்காலம் கிளம்பித் தெற்கே கோவளம் வரை போய்த் திரும்புங்கள், போகவர 40 கடல் மைலுக்குள்தான் வரும், விடிந்தபின் துறைமுகத்துக்குள் நுழையலாம். மெரினா கலங்கரை விளக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், அது பெரிய தெம்பு. பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பாகப் பார்த்துக் கிளம்பினால் இருட்டும்போதே நிலா மேலே நிற்கும். பௌர்ணமி தாண்டிவிட்டால் நிலா எழுவது நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தாமதமாகும், ஆரம்ப இருட்டு கண்ணைக் கட்டும்.

பட்டினப்பாக்கம்_ஃபைபர்:

அக்கா, வலை விஷயம் நான் சொல்றேன். எங்க அப்பா, சித்தப்பா எல்லாம் கடலுக்குப் போறவங்க, நானும் போவேன்.

ராத்திரி விடுற செவுள் வலை மேலாக மிதக்கும், நீளமாகக் கிடக்கும். ஒரு முனையில் மூங்கில் கம்பில் கொடி, இப்போதெல்லாம் அதில் மினுக்மினுக் என்று சின்ன எல்.இ.டி. விளக்கு கட்டியிருப்பார்கள். மறுமுனையில் பெரும்பாலும் போட்டு, அதாவது மீன்பிடிப் படகு, இருக்கும், ஆள் படுத்துக்கூட இருப்பார். விளக்குக்கும் போட்டுக்கும் நடுவில் காலியாக இருக்கிறதே என்று புகுந்து போனால் வலைமேல்தான் போவீர்கள். போட்டின் மறுபக்கமாகச் சுற்றிப் போங்கள்.

உங்கள் பக்கம் டார்ச் அடித்து ஆட்டினால் திட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள், வலை இருக்கிறது என்று சொல்கிறார்கள். நீங்களும் டார்ச்சை உங்கள் பாய்மேல் அடித்துக் காட்டுங்கள், பாய்ப்படகு என்று புரிந்துகொள்வார்கள். கிட்ட வந்துவிட்டால் "அண்ணா, வலை எந்தப் பக்கம்?" என்று கத்திக் கேளுங்கள், கையைக் காட்டுவார்கள். அது எங்கள் பிழைப்பு அக்கா, ஒரு வலை அறுந்தால் அந்த மாசமே போச்சு.

எஞ்சினில் வலை சுற்றிவிட்டால் உடனே நியூட்ரல், அப்புறம் அணைத்துவிடுங்கள். ராத்திரியில் கத்தியோடு தண்ணீரில் இறங்கவே கூடாது. பாய் இருக்கிறதே, விடிகிற வரை அதை வைத்துச் சமாளியுங்கள்.

விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குக் காசிமேடு, ஊரூர்க் குப்பம், கோவளம் என்று எல்லாப் பக்கமும் போட்டு தள்ளுவார்கள், நிறையப் போட்டில் விளக்கே இருக்காது. அந்த நேரத்தில் கரையை ஒட்டி இருக்காதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அப்போது விசைப்படகு வராது, ஆனால் எங்களை மாதிரி ஃபைபர் போட்டு வந்துகொண்டுதான் இருக்கும். ராத்திரி பாதிக்கு மேல் கரைக்காத்து அடிக்கும், தண்ணீர் தட்டையாக இருக்கும், பாய்க்கு அது நல்ல காத்து.

ஓய்வுபெற்ற_மாலுமி:

சரக்குக் கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையில் நின்று கடமை பார்த்தவன் என்ற முறையில் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். 12 மீட்டருக்குக் குறைவான படகின் இடப்பக்கச் சிவப்பு, வலப்பக்கப் பச்சை விளக்குகள் 1 கடல் மைல் தூரம் தெரிந்தால் போதும் என்பதுதான் சர்வதேச விதி. 15 நாட் வேகத்தில் வருகிற கப்பல் அந்த 1 மைலை 4 நிமிடத்தில் கடந்துவிடும். உங்கள் ஃபைபர் உடம்பு ராடாரில் சரியாக விழாது, கொஞ்சம் அலை இருந்தால் அதோடு கலந்துவிடும். அதனால் அவர்கள் பார்த்து ஒதுங்குவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். பாய்மரத்தில் எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்தில் ராடார் பிரதிபலிப்பான் கட்டுங்கள், முடிந்தால் ஏ.ஐ.எஸ். வாங்கிவிடுங்கள், செலவு செய்யத் தகுந்த பொருள் அது.

பெரிய கப்பலில் இரண்டு வெள்ளை விளக்கு இருக்கும், முன்னது தாழ்வு, பின்னது உயரம். இரண்டும் விலகித் தெரிந்தால் குறுக்கே போகிறது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் நின்று, சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. கைத் திசைகாட்டியில் அந்த விளக்கின் திசையைப் பாருங்கள், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். திசை மாறாமல் வெளிச்சம் மட்டும் வளர்ந்தால் மோதல் பாதை. உடனே, அவருக்குப் புரிகிற மாதிரி நன்றாகத் திரும்புங்கள், ஐந்து டிகிரி பத்து டிகிரியாக அல்ல. வி.எச்.எஃப். 16ஆம் சேனல் எப்போதும் திறந்திருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலா பக்கமும், முக்கியமாகப் பின்பக்கம், பார்க்க வேண்டும். இடையில் போனைப் பார்த்தால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும்.

துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் தெருவிளக்கு மாதிரி எரியும், அந்த வெளிச்சத்தில் நகருகிற கப்பலின் விளக்கு தொலைந்துபோகும். அந்தப் பகுதியைப் பொழுது இருக்கும்போதே தாண்டிவிடுங்கள். கிளம்பும் முன் துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் எண் 1554. கல்பாக்கம் அருகே கரையிலிருந்து நன்றாக ஒதுங்கிப் போங்கள்.

இரண்டு பேரால் முடியுமா என்ற சந்தேகமே வேண்டாம். நம் கடற்படையின் தில்னாவும் ரூபாவும் தாரிணி என்ற பாய்மரப்படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். அங்கேயும் ஒருவர் விழித்திருக்க ஒருவர் தூங்கினார்.

அடையாறுக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மூன்று சட்டத்தையும் இவரிடம் படித்துக் காட்டினேன், வாளிக்கு மட்டும் கொஞ்சம் முனகினார், அப்புறம் சரி என்றுவிட்டார். இரண்டு சந்தேகம். கொக்கி மாட்டியும் இவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் 80 கிலோ ஆளை நான் எப்படி மேலே ஏற்றுவது? இருட்டிலேயே புதுச்சேரி வந்துவிட்டால் உள்ளே போகலாமா?

வாடைக்காற்று:

கையால் இழுத்து ஏற்ற முடியாது, முயற்சிகூடச் செய்யாதீர்கள். முதலில் படகை நிறுத்த வேண்டும். காற்றுக்கு எதிரே திரும்பி, முன்பாய் மறுபக்கம் நிரம்பும்படி விட்டு, சுக்கானைக் கட்டிவிட்டால் படகு கிட்டத்தட்ட நின்றுவிடும். அதோடு விளக்கு வைத்த மிதவையை எறிவது, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறிப்பது, 16இல் கூப்பிடுவது. ஏற்றுவதற்குப் பாய் ஏற்றுகிற கயிற்றையே அவர் ஹார்னஸில் மாட்டி வின்ச்சைச் (கயிறு இழுக்கும் உருளையை) சுற்றுங்கள். இதைத் துறைமுகத்துக்குள் பகலில் அவரை லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் இறக்கிச் செய்து பாருங்கள். அப்புறம் நீங்கள் இறங்குங்கள், அவர் ஏற்றட்டும். உங்கள் கையாலேயே அவரை மேலே கொண்டுவந்த பிறகு தேதி குறித்தால் போதும்.

புதுச்சேரி முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும், இருட்டில் நுழையவே கூடாது. சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினால் காலை 8 மணி வாக்கில் போய்ச் சேருவீர்கள். பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டால் நீரோட்டம் வடக்கே திரும்ப ஆரம்பித்துவிடும், இன்னும் நேரமாகும், அதையும் கணக்கில் வையுங்கள். சீக்கிரம் போய்விட்டால் பாயைக் குறைத்து வெளியிலேயே நில்லுங்கள். உள்ளூர் ஆள் ஒருவரிடம் முதல் நாளே பேசி, எந்தப் பக்கம் ஆழம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.