பாத்திரக் கடைக்குக் கேபிளா, வைஃபையா?

காவிரிக்கரை:
கும்பகோணத்தில் எங்கள் குடும்பம் நடத்தி வரும் பாத்திரக் கடையை அடுத்த மாதம் புதிய இடத்துக்கு மாற்றுகிறோம். வாடகைக் கட்டடம்; மெட்ராஸ் ஒட்டுத் தளம் (செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டது) போட்ட பழைய மாடி வீட்டைக் கடையாக மாற்றியிருக்கிறார்கள், சுவர்கள் ஒன்றரை அடி கனம். கீழ்த்தளத்தில் மூன்று பில் கவுண்டர்கள், அவற்றுக்குப் பின்னால் கணக்கு மென்பொருள் இருக்கும் முதன்மைக் கணினி, மாடியில் சீர்வரிசைப் பிரிவுக்கு ஒரு கவுண்டர், அலுவலக அறையில் இரண்டு கணினிகள். தெருவுக்கு எதிர்ப்புறம் சுமார் 40 மீட்டர் தள்ளிக் கிடங்கு இருக்கிறது. கடைக்கும் கிடங்குக்குமாக எட்டு சிசிடிவி கேமராக்கள் வைக்க வேண்டும்.

ஒருவர் எல்லாவற்றுக்கும் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஒன்றோடொன்று அலையிலேயே இணையும் மூன்று மெஷ் வைஃபை பெட்டிகள் போதும், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். சுவரைக் கொத்தக் கூடாது என்று கட்டட உரிமையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முகூர்த்த நாளில் பில் போடுவது நிற்காமல் இருப்பதுதான் எங்களுக்கு முக்கியம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று காரணத்துடன் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்புக்கம்பி:
கடைகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதே பதினைந்து ஆண்டுகளாக என் தொழில் என்பதால் தயக்கமின்றிச் சொல்கிறேன்: பில் கவுண்டர்கள் அனைத்துக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். நீங்கள் விற்கும் பொருளே வைஃபைக்குப் பகை. எவர்சில்வர், பித்தளை, அலுமினியம் என்று தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும் ஒவ்வொரு குடமும் அண்டாவும் ரேடியோ அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பும். அப்படித் திரும்பிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து, ஓரிடத்தில் சிக்னல் நன்றாகவும் இரண்டடி தள்ளி மோசமாகவும் இருக்கும். இன்று அண்டா அடுக்கு நிற்கும் இடத்துக்கு அடுத்த வாரம் குத்துவிளக்குகள் வந்தால் அந்த நிலையும் மாறிவிடும். போதாததற்கு, மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனமான தளம் வேறு.

வைஃபையில் ஒரே சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரே கூறில், இருக்கும் கருவிகள் முறை வைத்துத்தான் பேச முடியும். பக்கத்துக் கடையின் ரவுட்டர் அதே சேனலில் இருந்தால் உங்கள் பில் அதற்கும் சேர்த்துக் காத்திருக்கும். வைஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். கடைத்தெருவில் அந்த மூன்றும் என்றைக்கோ நிரம்பிவிட்டன. கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் சுவிட்ச்சில் செருகிய கேபிளிலோ ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி உண்டு, அனுப்புவதும் பெறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகம் குறையாது. கொத்துவதற்கும் அவசியமில்லை, சுவரோரமாகப் பிவிசி பட்டி அடித்து இழுத்தால், காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

அலைவரிசை:
செம்புக்கம்பி அவர்கள் சொல்வது பத்தாண்டுகளுக்கு முந்தைய வைஃபைக்குப் பொருந்தும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2018-இல் நம் அரசு அறிவித்த பிறகு சேனல் நெருக்கடி பெருமளவு தீர்ந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டத் திணறும் என்பது உண்மைதான். அந்தக் குறையே இங்கே நன்மையாகிறது, ஏனென்றால் பக்கத்துக் கடையின் அலையும் உங்கள் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வராது. மேலும், வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வந்த பிறகு ஒரே சேனலைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் தரும் முறை வந்துவிட்டது. முறை வைத்துத்தான் பேச முடியும் என்பதை இனி அப்படியே சொல்ல முடியாது.

கடைக்காரரின் வேலையையும் பாருங்கள். ஆவணியிலும் தையிலும் சீர்வரிசைக் கூட்டம் வரும்போது வாசலருகே கூடுதலாக ஒரு கவுண்டர் போடுவார்கள். இருப்பு எடுக்கும்போது பார்கோடு ஸ்கேனரைக் கையில் ஏந்தி ஒவ்வொரு அடுக்காகப் போவார்கள். அந்த ஸ்கேனருக்கும் கேபிள் இழுப்பீர்களா? வாடகைக் கட்டடத்தில் பட்டி அடித்த தடங்களுக்கு முன்பணத்தில் பிடித்தம் செய்யும் உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். கூரை இடுக்கில் போன கேபிளை எலி கடித்துவிட்டு, எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு முழு நாள் போன கடையையும் பார்த்திருக்கிறேன்.

வரவுசெலவு:
நான் கணக்கர், மூன்று ஜவுளிக் கடைகளுக்கும் ஒரு பாத்திரக் கடைக்கும் கணக்குப் பார்க்கிறேன். தொழில்நுட்பம் அதிகம் தெரியாது, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். அந்தப் பாத்திரக் கடையில் எல்லாமே வைஃபை. போன தை மாதம் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை, கவுண்டருக்கு முன்னால் நான்கு வரிசையாக ஆட்கள் நின்றார்கள். கவுண்டரில் இருந்த பெண் சீர்வரிசை பில்லில் நாற்பதாவது பொருளைப் பதிந்துகொண்டிருந்தபோது திரை அப்படியே நின்றுவிட்டது. முதன்மைக் கணினியின் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நடுவில் இணைப்பு அறுந்ததால் அன்றைய பதிவுகளில் ஒரு பகுதி சிதைந்துபோனது. அந்தப் பெண் பொருள்களை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் எழுதினாள்; மணப்பெண்ணின் தாயார் எரிச்சலடையாமல் பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் முந்தைய இரவின் காப்புப் பிரதியை ஏற்றி, காகிதப் பில்களைப் பார்த்துப் பார்த்து நானும் இன்னொருவரும் திரும்பப் பதிந்தோம். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய நெருக்கடியும் அப்போது இருந்தது. வேகம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பதிவு சிதைந்தால் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

அலைவரிசை:
வரவுசெலவு அம்மா பட்ட சிரமம் எனக்குப் புரிகிறது. அந்தக் கடையில் வீட்டுக்கு வாங்கும் ஒற்றை ரவுட்டரை ஒரு மூலையில் வைத்துவிட்டு மூன்று தளத்துக்கும் அதுவே போதும் என்று விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சரியான இடங்களில் அக்சஸ் பாயிண்ட் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) வைத்திருந்தால் அப்படி நடந்திருக்காது. கோப்பைப் பகிர்ந்து எழுதும் மென்பொருளுக்கு இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேபிள் நுனியில் இருக்கும் ஆர்ஜே45 முனை தளர்ந்துபோனால் அதுவும் இதே போல இணைப்பை அறுக்கும். கேபிள் என்ற சொல்லைக் கேட்டதுமே உறுதி என்று நம்பிவிடுகிறோம். இன்று கடைகளில் இழுக்கும் கேபிளில் எவ்வளவு அசல் செம்பு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

செம்புக்கம்பி:
கடைசிக் கேள்வி மிகவும் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் ஏராளமாக ஓடுகிறது. 305 மீட்டர் பெட்டியைத் தூக்கினாலே எடையில் வித்தியாசம் தெரியும். காவிரிக்கரை அவர்களே, வேலை தொடங்கும் முன் ஒரு சாண் கேபிளை வெட்டி வாங்கி, உள்ளே இருக்கும் எட்டு இழைகளில் ஒன்றை பிளேடால் சுரண்டுங்கள். எவ்வளவு சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்தால் செம்பு. உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அலுமினிய இழை வளைத்தால் ஒடியும், மின்தடை அதிகம், அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடேறும்.

கேபிள் நுனியில் முனையை அழுத்திப் பொருத்தியவுடன் (கிரிம்பிங்) டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிவதை நீங்களே நின்று பாருங்கள். 1, 2, 3, 6 ஆகிய நான்கு இழைகள் மட்டும் சரியாகச் சேர்ந்திருந்தாலும் கணினி வேலை செய்யும், ஆனால் 1 ஜிபிபிஎஸ் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ்தான் வரும். கேபிள் போட்டும் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வந்த புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுவாகவே இருந்தது. இவையெல்லாம் ஒரு நாளில் சோதித்துத் திருத்தக்கூடிய குறைகள். கூட்டம் கூடினால் சிக்னல் குறைவது அப்படிப்பட்டதா? மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் அந்த அலைகளை உறிஞ்சும். கடையில் ஐம்பது பேர் நிற்கும்போதுதான் வைஃபை தளரும், ஐம்பது பேர் நிற்கும்போதுதான் பில்லும் அதிகம்.

பாதுகாப்பையும் யோசியுங்கள். அமெரிக்காவில் டிஜேஎக்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தின் கடை வைஃபை வழியாக நுழைந்து 4 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டு எண்களைத் திருடிய செய்தி 2007-இல் வெளிவந்தது. நம் கடைகளில் வைஃபை கடவுச்சொல்லைக் கடைப் பையன் முதல் டீ கொண்டு வருபவர் வரை அறிந்திருப்பார்கள். வேலையை விட்டுப் போனவரும் தெருவில் நின்றபடியே இணையலாம்.

அலைவரிசை:
அந்தத் திருட்டு நடந்தது வெப் (WEP) என்ற பழைய வைஃபை பூட்டு முறையில். அது உடையும் என்பது 2001-இலேயே தெரிந்துவிட்டது. இப்போது டபிள்யூபிஏ3 என்ற வலுவான பூட்டு முறை இருக்கிறது, வாடிக்கையாளருக்கும் ஊழியரின் போனுக்கும் தனி நெட்வொர்க் பிரித்துக் கொடுக்கலாம், ஆள் மாறினால் கடவுச்சொல்லை மாற்றலாம். செய்யாமல் விடுவது கடைக்காரரின் அசட்டை, அதற்கு வைஃபையைக் குறை சொல்லக் கூடாது. கூட்டத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அக்சஸ் பாயிண்ட்டைக் கூரையில், ஆட்களின் தலைக்கு மேலே, கவுண்டருக்கு நேராக வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

காவிரிக்கரை:
இருவருக்கும் நன்றி. நேற்றுப் புதிய கட்டடத்தில் நடுக்கூடத்தில் ஒரு ரவுட்டரை வைத்துப் போனில் அளந்து பார்த்தேன். கூடம் காலியாக இருந்தபோது மூன்றாம் கவுண்டரில் சிக்னல் மைனஸ் 58 டிபிஎம் காட்டியது (மைனஸுக்குப் பின் எண் கூடக் கூடச் சிக்னல் பலவீனம்). பழைய கடையிலிருந்து வந்த அண்டாக்களை இடையில் அடுக்கிய பிறகு அதே இடத்தில் மைனஸ் 76. மாடியில் கதவை மூடினால் சிக்னல் வந்து வந்து போனது. கிடங்குக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. தெருவுக்குக் குறுக்கே, விளக்குக் கம்பத்தில் கட்டிக் கேபிளைக் கொண்டு போய்விடலாம் என்கிறார் கேபிள்காரர்.

அலைவரிசை:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உரிய அனுமதி இல்லாமல் கம்பத்தில் கட்டுவது தவறு. அதைவிட ஆபத்து, இரண்டு கட்டடங்களின் எர்த்தும் வேறு வேறு. ஐப்பசி மழையில் அருகே இடி விழுந்தால் செம்புக் கம்பி வழியாக வரும் மின்னழுத்தம் இரு பக்கச் சுவிட்ச்சையும் எரித்துவிடும், கணினி வரைக்கும் போகலாம். இரண்டு கட்டடங்களின் மாடியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைப் பாலத்தின் கருவிகளை, ஒன்றையொன்று நேராகப் பார்க்கும்படி வைத்துவிடுங்கள். 40 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. எட்டு கேமராவும் கிடங்கிலேயே இருந்தாலும், ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தால் 32 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. பாலம் எளிதாகச் சுமக்கும்.

செம்புக்கம்பி:
செம்புக் கேபிள் தெருவைக் கடக்கக் கூடாது என்பதில் அவருடன் முழுமையாக உடன்படுகிறேன். அனுமதி வாங்கி ஃபைபர் போட்டால் இடிக்கும் அஞ்ச வேண்டாம், ஏனென்றால் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் வாடகைக் கட்டடத்துக்காக அந்த அலைச்சல் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். கிடங்குக்கு வைஃபைப் பாலம் போதும்.

மெஷ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மெஷ் பெட்டிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலையிலேயே தகவலைக் கடத்தும்போது, அதற்கெனத் தனி ரேடியோ இல்லாத பெட்டியில் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மாடிக்கு அக்சஸ் பாயிண்ட் வையுங்கள், அதற்குக் கீழிருந்து ஒரு கேபிள் ஏற்றுங்கள். பிஓஇ சுவிட்ச் வாங்கினால் மின்சாரமும் அதே கேபிளில் போகும். சுவிட்ச்சை யூபிஎஸ்-இல் இணைத்தால் கரண்ட் போனாலும் அக்சஸ் பாயிண்ட்டும் கடைக் கேமராக்களும் நிற்காது.

வரவுசெலவு:
எந்த முறையில் போனாலும் கணக்குக் கோப்பின் காப்புப் பிரதியைத் தினமும் கடையை மூடும் முன் வேறொரு வட்டில் எடுத்து வையுங்கள். எங்களைக் காப்பாற்றியது முந்தைய இரவின் பிரதிதான்.

காவிரிக்கரை:
இன்று வேலைக்குச் சொல்லிவிட்டேன். கீழே மூன்று கவுண்டர்கள், முதன்மைக் கணினி, பில் பிரிண்டர்கள், மாடிக் கவுண்டர், அலுவலகக் கணினிகள், கடைக் கேமராக்கள் அனைத்துக்கும் பட்டி அடித்துக் கேபிள். மாடிப்படி ஓரமாக மேலே ஏற்றுகிறோம். படிக்கட்டுப் பக்கம் பட்டி தெரியாமல் சுவரின் நிறத்திலேயே வண்ணம் அடித்துத் தருவதாகச் சொன்னதும் உரிமையாளர் ஒப்புக்கொண்டார். தளத்துக்கு ஒன்றாக இரண்டு அக்சஸ் பாயிண்ட், கிடங்குக்குப் பாலம். கேபிள்காரர் கொண்டு வந்த முதல் பெட்டியில் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், வெள்ளியாக இருந்தது. அவர் எதுவும் பேசாமல் எடுத்துக்கொண்டு போய் மாலையில் வேறு பெட்டி கொண்டு வந்தார்.

அலைவரிசை:
நல்ல ஏற்பாடு. மாடிக் கவுண்டருக்குக் கேபிள் அவசியமில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்; தலைக்கு மேலேயே அக்சஸ் பாயிண்ட் வரப்போகிறது. ஆவணி முகூர்த்தத்தில் ஒரு நாள் அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் பில் போட்டுப் பார்த்து இங்கே எழுதுங்கள்.

செம்புக்கம்பி:
வேறு ஏதாவது ஒரு நாளில் போட்டுப் பாருங்கள். முகூர்த்தத்தில் வேண்டாம்.