அப்பாவின் கையில் பலம் இருக்கிறது, ஆனால் பல் துலக்க வரவில்லை: அப்ராக்சியா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்சி மகள்:

அப்பாவுக்கு 67 வயது. பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகின்றன, மூளையின் இடப்பக்கம் அடைப்பு என்று ஸ்கேனில் வந்தது. முதலில் விழுந்துபோன வலது கையும் காலும் இப்போது ஓரளவு திரும்பிவிட்டன, பிடித்துக்கொண்டு நடக்கிறார், தண்ணீர் டம்ளரைத் தூக்குகிறார். பேச்சு தடுமாறுகிறது, ஆனால் நாங்கள் சொல்வது புரிகிறது.

பிரச்சினை வேறு. பிரஷைக் கையில் கொடுத்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், சில நாள் அதைத் தலைக்குக் கொண்டுபோகிறார். காலமெல்லாம் வேட்டி கட்டியவர், இப்போது வேட்டியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திகைக்கிறார். பலவீனமே இல்லாத இடது கையும் இப்படித்தான் தடுமாறுகிறது. பிசியோதெரபிஸ்ட் "கும்பிடுங்க சார்" என்று சொன்னால் கை எங்கெங்கோ போகிறது. ஆனால் பக்கத்து வீட்டு மாமா உள்ளே வந்ததும் இரண்டு கையும் தானாகக் கூடி வணக்கம் வைக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் "வேணும்னே செய்யறார், அடம்" என்கிறார்கள், அம்மா அழுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்ராக்சியா என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். இது மறதி நோயா? சரியாகுமா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வேலூர்:

அடம் இல்லை சகோதரி, இதுதான் அப்ராக்சியா: கையில் பலம் இருந்தும், சொல்வது புரிந்தும், பழகிய அசைவை மூளையால் திட்டமிட்டுச் செய்ய முடியாமல் போவது. இதை முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். கூப்பிட்டுச் செய்யச் சொன்னால் வராது, தேவை வரும்போது தானாக வரும் என்பது நடிப்பின் அடையாளம் இல்லை, இந்தக் கோளாறின் அடையாளமே அதுதான். அந்த வணக்கத்தை நரம்பியல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

பல் துலக்குவது, பொத்தான் போடுவது, வேட்டி கட்டுவது எல்லாம் பழகிப் பழகி வந்த அசைவுகள். எந்த விரல் எப்படி வளைய வேண்டும், எது முதலில், எது பிறகு என்ற திட்டம் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடப்பக்கத்தில்தான் உருவாகிறது, குறிப்பாகச் சுவர் மடலிலும் (parietal lobe, உச்சிக்குப் பின்பக்கம் இருப்பது) அதோடு இணைந்த முன்பகுதியிலும். இடது கையை நேரடியாக அசைப்பது வலப்பக்க மூளை என்றாலும், திட்டம் இடப்பக்கத்திலிருந்து நடுவில் உள்ள நரம்புப் பாலம் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். திட்டம் உருவாகும் இடமே அடிபட்டதால் நல்ல கையும் சேர்ந்து தடுமாறுகிறது. தசையில் பலம் இருக்கிறது, உணர்ச்சி இருக்கிறது, சொன்னதும் புரிகிறது, ஆனாலும் அசைவு வடிவம் எடுக்க மாட்டேன் என்கிறது.

வீட்டில் வாயால் கட்டளை போடுவதைக் குறையுங்கள். "பிரஷை எடுங்க, இப்படிப் பிடிங்க, இல்ல இல்ல இப்படி" என்று அடுக்கினால் குழப்பம் கூடும். காலையில், வாஷ்பேசின் முன்னால், அவருடைய பழைய பிரஷ், கண்ணெதிரே வேறு சாமான் எதுவும் வேண்டாம். நீங்கள் அவர் பின்னால் நின்று அவர் கைமேல் உங்கள் கையை வைத்து அசைவைத் தொடங்கிவிடுங்கள், அது ஓடத் தொடங்கியதும் மெல்ல விட்டுவிடுங்கள். தவறு செய்யவிட்டுத் திருத்துவதைவிட, தவறே நடக்காதபடி கூடவே செய்வது நல்லது. தினமும் ஒரே வரிசை, ஒரே இடம்.

ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பல் துலக்கப் பழக்கினால் பொத்தான் போடுவது தானாக வந்துவிடாது, பெரும்பாலும் ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டியிருக்கும். அதனால் அப்பாவுக்கு எது முக்கியமோ அதில் தொடங்குங்கள், கூட இருப்பவர்களுக்கு எது வசதியோ அதில் வேண்டாம். வேட்டிதான் அவருக்குக் கௌரவம் என்றால் வெல்க்ரோ வைத்த வேட்டி கடைகளில் கிடைக்கிறது, இப்போதைக்கு அது போதும். கேஸ் அடுப்பு, வெந்நீர், கத்தி, ஷேவிங் பிளேடு இவற்றின் பக்கம் தனியாக விடாதீர்கள்.

நியூரோ மாணவன்:

மறதி நோயா என்று கேட்டதற்கு மட்டும் சேர்க்கிறேன் அக்கா. 1900இல் பெர்லினில் ஹூகோ லீப்மன் என்ற மருத்துவர் 48 வயது அரசு அதிகாரி ஒருவரைப் பற்றி எழுதினார். எதைச் செய்யச் சொன்னாலும் அவர் வலது கையால் தப்புத்தப்பாகச் செய்ததால் புத்தி மழுங்கிவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். லீப்மன் அந்த வலது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு இடது கையால் செய்யச் சொன்னார், சரியாகச் செய்துவிட்டார்! புரிதல் கெடவில்லை, புரிந்ததைக் கை அசைவாக மாற்றும் வழி கெட்டிருந்தது. உங்கள் அப்பாவுக்கு இரண்டு கையும் தடுமாறுவதால் அது வேறு வகை, ஆனால் வெளியே தெரிவதை வைத்துப் புத்தியை எடை போடக்கூடாது என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

பக்கவாதம் எதுவும் வராமல் இதே தொந்தரவு மெல்ல மெல்லத் தொடங்கிக் கூடிக்கொண்டே போனால் அது வேறு கதை. அல்சைமர் போன்ற மறதி நோய்களிலும் அப்ராக்சியா வரும், அப்படிப்பட்டவர்கள் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மதுரைக்காரன்:

என் அம்மாவுக்கும் இதே. ஸ்பூனைக் கொடுத்தால் தட்டில் தட்டிக்கொண்டே இருப்பார், ரசம் சாதத்தைப் பிசைந்து முன்னால் வைத்தால் கையால் எடுத்துச் சாப்பிட்டுவிடுவார். ஸ்பூன் பழகட்டும் என்று உறவினர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் கேட்கவில்லை. அவர் தானாகச் சாப்பிடுவதுதான் எங்களுக்குப் பெரிது. இன்னொன்று, விருந்தாளிகள் முன்னால் "அதைச் செஞ்சு காட்டுங்கப்பா" என்று சோதனை வைக்காதீர்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, அவமானமும் தெரிகிறது.

பிசியோவுக்கு அலைய முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றிக் கேளுங்கள், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் அதில் உண்டு.

திருச்சி மகள்:

எல்லாருக்கும் நன்றி. இந்த இழையை அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். அப்பாவின் பேச்சுத் தடுமாற்றமும் இதில் சேர்ந்ததா? "ஊதுங்க" என்றால் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார், காபி சூடாக இருந்தால் நன்றாக ஊதுகிறார்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், வேலூர்:

ஊதுவதில் நீங்கள் பார்த்தது வாய், முகம் சார்ந்த அப்ராக்சியா, வணக்கத்தில் பார்த்ததேதான். பேச்சு தனி விஷயம். சொல்லே கிடைக்காமல் போவது ஒன்று, சொல் தெரிந்தும் உதடும் நாக்கும் அந்த ஒலிக்கு அமையாமல் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருவது இன்னொன்று, தசை பலவீனத்தால் குழறுவது மூன்றாவது. இடப்பக்கப் பாதிப்பில் இவை கலந்தும் வரும், பயிற்சியோ ஒவ்வொன்றுக்கும் வேறு. பேச்சுப் பயிற்சியாளர் நேரில் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

சரியாகுமா என்றால், முதல் சில மாதங்களில் தானாகவே கொஞ்சம் தேறும், அதன் பிறகும் பயிற்சியால் முன்னேறுகிறார்கள், சிலருக்கு மிச்சம் நிற்கும். இதற்கென்று மாத்திரை கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். பக்கவாதத்துக்குக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவர் வேட்டி கட்ட முயல்வதையும் காபி ஊதுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அறைக்குள் வைத்துச் சோதிப்பதில் பாதி தெரியாது.